ஈனிட் பாடாத சரணங்கள்

ஈனிட் ஸ்டாதர்ஸ் பாடினால் ஹம்பர் ஆறு பின்னோக்கி ஓடும்; திமிங்கலங்கள் கரைக்கு வந்து கோரஸ் பாடும்; இங்கிலாந்து ராணி தேநீரை ஆறவிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். ஆறு பின்னோக்கி ஓடியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கடலில் ஓதம் ஏறினால் அது தினமும் அப்படித்தான் ஓடும். யாரும் கேட்காதவரை இதை நான் சொல்வதில்லை.

பகலில் ஈனிடுக்கு, அந்த ஆற்றங்கரையில் உள்ள ஹல் துறைமுகத்தில் மீன் அறுக்கும் வேலை. சனிக்கிழமை மாலை மதுக்கடை மாடியில், நாட்டுப்பாட்டு மன்றத்தில், கணவர் கிளெமோடு சேர்ந்து பாடுவார். வாத்தியம் கிடையாது. இரண்டு குரல்கள் மட்டும்.

பழைய பாட்டுகளுக்கு டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்த்து, மன்றத்து இளைஞர்கள் நாங்கள் சிலர் ஒரு ராக் குழு ஆரம்பித்தோம். கிட்டார் நான்தான். பாடுவதற்கு ஈனிட் வருகிறேன் என்றார். கிளெமுக்கு வந்ததே கோபம்!

“கிட்டாருக்குள்ள கரண்ட விட்டா அது பாட்டா? ஃப்ரிட்ஜு!”

“ஃப்ரிட்ஜாவது நான் பேசினா பதிலுக்கு முனகும்” என்றார் ஈனிட்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கோடை முடிவதற்குள் கிளெம் தன் தங்கை வீட்டுக்குக் குடிபோய்விட்டார்.

கடிகாரம் அவருக்கு, வாணலிகள் இவருக்கு என்று பிரித்த பிறகு, பாட்டுகளையும் பிரித்தார்கள். எங்கள் மன்றத்தில் ஒருவர் பாடும் பாட்டை இன்னொருவர் தொடமாட்டார். தொட்டால், அடுத்தவர் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டவனைப் போலப் பார்ப்பார்கள். கடல் பாட்டெல்லாம் கிளெமுக்கு. அறுவடைப் பாட்டெல்லாம் ஈனிடுக்கு. ஒரே ஒரு பாட்டை மட்டும் இருவரும் விடவில்லை. மழையில் நின்று கதவைத் தட்டும் ஒருவனும் உள்ளே இருக்கும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் பாட்டு அது. கடைசியில் அதையே இரண்டாக வெட்டினார்கள். ஆண் சரணங்கள் கிளெமுக்கு, பெண் சரணங்கள் ஈனிடுக்கு.

எங்களோடு பாடும்போது ஈனிட் தன் சரணங்களை மட்டும் பாடுவார். அவன் பேச வேண்டிய இடத்தில் என் கிட்டார் பேசும். பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் புதுமை என்று எழுதினார்.

“புதுமையும் இல்ல, பூசணிக்காயும் இல்ல” என்றார் ஈனிட், குழுவின் வேன் வண்டியில் வரும்போது. “அது அவர் பங்கு. என்னைக்காவது வந்து பாடட்டும்னு விட்டுவெச்சிருக்கேன்.”

அக்டோபரில் துறைமுகத் தொழிலாளர் கூடத்தில் வாசித்தோம். கிளெம் வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றார். அவரைப் பார்த்ததும் ஈனிடின் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது.

வெளியே நனைவது யார் என்று கேட்கும் சரணத்தை ஈனிட் பாடி முடித்தார். நான் வாசிக்கவில்லை. டிரம்ஸ்காரன் என்னை முறைத்துவிட்டு அவனும் நிறுத்தினான்.

கிளெமின் தோள்கள் உயர்ந்தன. பாடுவதற்கு முன் அவர் அப்படித்தான் மூச்சு இழுப்பார். பிறகு தோள்கள் இறங்கின. பீர் குவளையைச் சத்தம் வராமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஒரு முழுச் சரணம் ஓடும் நேரம் ஈனிட் அசையாமல் நின்றார். பிறகு தன் அடுத்த சரணத்தைச் சுருதி பிசகாமல் பாடினார்.

நிகழ்ச்சி முடிந்ததும், கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் “கம்பி அறுந்துபோச்சு” என்று சொல்லிவைத்தேன். ஈனிட் நேராக வந்து என் கிட்டார் பெட்டியைத் திறந்தார். மீன் வாடை போகாத விரலால் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டினார். ஆறும் கணீரென்று ஒலித்தன.

“பொய் சொல்றவன் ஒரு கம்பியையாவது அறுத்துவெச்சிருக்க வேணாமாடா?”

நான் பெட்டியை மூடப் போனேன்.

“அவருக்கு இடம் விட்டே, இல்ல?” பெட்டியைத் தானே மூடி என் கையில் கொடுத்தார். “இனிமே விடாத. அந்த இடத்துல வாசி. நல்லா சத்தமா வாசி.”