கேட்காமல் வெட்டிய அத்தி

அத்தியம்மா என்றால்தான் அவளைத் தெருவில் தெரியும். மருத்துவமனையில் போர்வை துவைத்து மடிக்கிற வேலை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆறடி மண்ணில் ஒரே ஒரு சீமை அத்தி. அதைத்தான் ஐந்து வருடமாகக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். வெயில் காலத்தில் வேரைச் சுற்றிச் சருகு மூடுவாள், தண்டில் சுண்ணாம்பு பூசுவாள், எறும்பு ஏறினால் ஒரு பாட்டம் சண்டையே போடுவாள். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் இலையைக் கொட்டிவிடுகிற முன்கோப மரம். வளர்த்தவள் மட்டும் என்ன, சாந்த சொரூபியா?

இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய் பிடித்தது. போன வருடத்துக் கிளைகளில், மிளகளவில், இருபத்து மூன்று பிஞ்சுகள். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஆபரேஷன். எட்டு நாள் போயே ஆகவேண்டும்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு வாளி தண்ணி. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்று கணவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கணவர் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒன்பதாம் நாள் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போனாள். மரம் இருந்த இடத்தில் நாலு மொட்டைக் கட்டைகள் நின்றன. ஒரே உயரம், ஒரே அளவு.

"எப்படி?" என்றார் பின்னால் வந்த கணவர், பெருமையாக. "காடு மாதிரி கெடந்துச்சு. நீ வர்றதுக்குள்ள அழகா இருக்கட்டும்னு ஒரே மூச்சுல முடிச்சுட்டேன்."

"காய் எங்க?"

"காயா? அந்தப் பொடிப்பொடியா இருந்ததா? எல்லாத்தையும் குப்பை வண்டில போட்டாச்சே."

"பழைய கிளைலதாங்க முதல் காய் பிடிக்கும். அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷம் காத்திருந்தேன்!"

"அட, வளந்துடும் விடு. வெட்டினாத்தான் அடர்த்தியா வரும். முப்பது வருஷமா பாக்குறேன்."

"நீங்க பாத்தது தலை!"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'விடு' என்றாரே, அதைத் தாங்க முடியவில்லை. அத்திப் பால் பட்டு அவர் முழங்கை வரை கொப்புளம் போட்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் மருந்தோடு ஓடியிருப்பாள். அன்று பார்த்தாள், நல்லா வேணும் என்று நினைத்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை சலூனில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அத்தியம்மா நேராக உள்ளே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி நாற்காலிக்குப் பின்னால் இடுப்பு வரை விழுந்தது.

"வெட்டுங்க."

"என்ன இது? ஆளுங்க இருக்காங்க, எந்திரி."

"ஏன், வளராதா? வெட்டுங்க."

காத்திருந்தவர்களில் ஒருவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மற்ற இருவருக்கும் செய்தித்தாள் கிடைக்கவில்லை, பாவம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. இவள் எழுந்திருக்கிற ஆள் இல்லை என்று கணவருக்குத் தெரியும். வேறு வழி தெரியாமல், துணியை உதறி அவள் கழுத்தில் கட்டினார். சீப்பை எடுத்தார். கொப்புளம் போட்ட கையால் கத்திரியை எடுத்தார். முப்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது:

"எவ்வளவு எடுக்கணும்?"

அத்தியம்மா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"வர்றவன் போறவன் எல்லாத்துகிட்டயும் கேக்குறீங்க. அன்னைக்கு என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

கத்திரி அந்தரத்தில் நின்றது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.