பானைக்குள் கேட்ட மூச்சு

இதைப் படித்துவிட்டு யாராவது கட்டுக்கதை என்று சொன்னால் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு வருடமாக அப்படி நினைத்துப் பார்க்க நானும் முயன்றேன். முடியவில்லை. 2023 ஜனவரி 6, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்தக் குளத்துக்குப் போனது நானும் என் தம்பி சுதனும். வேறு யாரும் இல்லை. இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். தக்கலைக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பாதி தாமரை, பாதி வெறும் தண்ணீர். மார்கழியில் கிளுவைகள் கூட்டமாக வந்து இறங்கும். கிளுவை என்றால் சின்னக் காட்டுவாத்து. அதைப் பிடிப்பது குற்றம். தெரிந்தேதான் போனோம்.

ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். சுதன் கடியப்பட்டணம் சர்ச்சில் ரெஜிஷாவைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, நான் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கிடந்தேன். அவள் கடற்கரைப் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சு இல்லை. அவன் மஸ்கட்டில் இருந்தான். லீவில் வந்தவன், புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, சனிக்கிழமை ஃப்ளைட்டு. அதுக்கு முன்ன ஒருக்கா கிளுவைக்குப் போவமா?"

"அதுக்குக் கொளத்துல பானை போடணுமே லே. மூணு நாளாவது கெடக்கணும்."

"செவ்வாக்கிழமையே போட்டாச்சு. நீ வருவன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

சிரித்தான். அவனிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. மன்னிச்சிரு மக்கா என்று ஒரு வார்த்தை. அதை அவன் விமானம் ஏறுமுன் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன். கிளுவைக்காக அல்ல.

எங்கள் அப்பா பிடித்த முறை இது. முதலில் சில மண்பானைகளைக் குளத்தில் மிதக்கவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் கிளுவைகளுக்குப் பானை பழகிவிடும். பிறகு அதேபோல ஒரு பானையில் கண்ணுக்கு இரண்டு துளை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில் மெல்ல நடக்க வேண்டும். பறவை பக்கத்தில் வந்ததும் தண்ணீருக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து, இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டுவிட வேண்டும். சத்தமே வராது. அடுத்த பறவைக்குக்கூடத் தெரியாது.

தண்ணீருக்குள் பேசக் கூடாது. விரல் முட்டியால் பானையில் ஒரு தட்டு தட்டினால், எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம். பதிலும் ஒரு தட்டுதான். இரண்டு தட்டினால், கரையேறலாம்.

ஐந்து மணிக்குப் படித்துறைக்கு வந்தோம். பனி. எதிர்க்கரை தெரியவில்லை.

"அண்ணே, ஒன் தலைக்கு இந்தப் பானை பத்தாது கேட்டியா. ஆபீஸ்ல இருந்து பெருத்த மண்டையில்லா?"

"ஏலே, சும்மா கெட."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கரையேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"நீ முன்னால போண்ணே. நான் இந்தப் பைய இடுப்புல கெட்டிட்டு பொறத்தால வாறேன்."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. மணி ஐந்து ஐந்து.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. காலடியில் சேறு. பானைக்குள் சூளைப் புகையின் வாசம். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம். சுதன் இறங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

கையைப் பானைக்குள் தூக்கினால் வாட்சின் பச்சை முள் தெரியும். ஐந்து இருபத்தைந்துக்கு ஒரு தட்டு தட்டினேன்.

டொக்.

வலது பக்கம், கொஞ்ச தூரத்தில் பதில் வந்தது.

டொக்.

நிம்மதியாக இருந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கிழக்கே சாம்பல் வெளிச்சம். துளை வழியே பார்த்தேன். மிதக்கிற பானைகள் காற்றோடு மெல்ல ஆடின. ஒன்று மட்டும் காற்றுக்கு எதிரே வந்தது. சுதன்தான். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. கழுத்தளவு தண்ணீரில் ஆள் நடந்தால் லேசாக அலை விழும். எனக்கு விழுந்தது.

அந்தப் பானையைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

கிளுவைகளும் சரியில்லை. பானையைக் கண்டு அவை பயப்படக் கூடாது. என்னைக் கண்டு பயப்படவும் இல்லை. ஆனால் அந்தப் பானை வர வர, மொத்தக் கூட்டமும் ஒதுங்கி என் பக்கமாக நீந்தி வந்தது. ஒன்றுகூடக் கத்தவில்லை. என் பானையை ஒட்டி நெருக்கியடித்து நின்றன. கை நீட்டினால் பத்தைப் பிடித்திருக்கலாம்.

நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஒரு தட்டு தட்டினேன்.

டொக்.

அந்தப் பானை இருபதடி தூரத்தில் இருந்தது. பதில் என் காதோரம் கேட்டது.

டொக்.

எதிரொலியாக இருக்கும்... பானைக்குள் சத்தம் அப்படித்தான் இருக்கும்... எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூச்சு பலமாக இரைத்தது. அமைதியாகலாம் என்று மூச்சை அடக்கினேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

உள்ளே இழுத்தது... வெளியே விட்டது... என் பானைக்குள். என் கன்னத்துக்குப் பக்கத்தில்.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

கரையேறிவிட வேண்டும். இரண்டு தட்டு தட்டக் கையை உயர்த்தினேன். முதல் தட்டு தட்டியதுதான் தாமதம்...

டொக். டொக்.

நான் கேட்டு முடிக்கும் முன்னே பதில்.

கிளுவைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் எழும்பிப் போயின.

திரும்பி நடந்தேன். சேறு காலை இழுத்தது. பின்னால் யாரோ வருவது தெரிந்தது. சுதன்தான், சுதன்தான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறு பத்துக்குப் படியில் கை வைத்தேன். பானையைக் கழற்றி எறிந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும், பயந்தது எல்லாம் முட்டாள்தனம் என்று தோன்றியது.

மேல்படியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் அவனும் ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. துண்டைப் பின்னால் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

"மக்கா" என்று ஆரம்பித்தேன். "ஒன் கல்யாணத்துக்கு நான் வரல்ல. தப்புதான். ரெஜிஷா என்ன பாவம் செஞ்சா... என்னைய மன்னிச்சிருலே."

சொட்... சொட்...

பின்னால் தண்ணீரில் படபடவென்று ஒரு சத்தம். கிளுவை திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கப் போனேன்.

தோளில் ஒரு கை விழுந்தது.

ஐஸ் மாதிரி இருந்தது. மெல்ல அழுத்தியது. போகட்டும் அண்ணே என்பதுபோல.

நான் அழுதுவிட்டேன். குனிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். படபடப்பு இன்னொரு தடவை கேட்டது. மறுபடியும் திரும்பிப் பார்க்கப் போனேன். கை இன்னும் கொஞ்சம் அழுத்தியது. எனக்கு அந்தப் பாரம் ஆறுதலாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடத்து வார்த்தைகள் எல்லாவற்றையும்.

படபடப்பு நின்றது.

கை எடுபட்டது.

"சுதா?"

திரும்பினேன்.

படி நனைந்திருந்தது. யாரும் இல்லை.

மணி ஆறு இருபத்தொன்று.

கத்தினேன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த இரண்டு பேர் ஓடிவந்தார்கள். குளத்தின் நடுவில் எல்லாம் தேடினோம். ஏழு மணிக்குப் பக்கத்தில் ஒருவர் படித்துறைக்குப் பக்கத்திலேயே இறங்கிக் காலை விட்டுத் துழாவினார். அங்கே இருந்தான். படியிலிருந்து பத்தடி. தாமரைக் கொடிக்குள். பை இடுப்பில் பாதி கட்டியபடி இருந்தது. தலையில் பானை இல்லை. அவனுடைய பானை, அவன் வைத்த இடத்தில், கீழ்ப்படியில் காய்ந்துபோய் இருந்தது.

அந்தப் பானையைத் தாண்டித்தான் நான் ஏறி வந்திருக்கிறேன். எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விமானம் புறப்பட்ட நேரத்தில் அவன் மண்ணுக்குள் இருந்தான். ரெஜிஷா என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு ஏசுஅடிமை வீட்டுக்கு வந்தார். அந்தக் குளத்தில் தாமரைப்பூ பறிக்கிறவர். அன்று எதிர்க்கரையில் பூ பறித்துக்கொண்டிருந்திருக்கிறார். கூச்சல் கேட்கும் முன்னே பூவோடு சந்தைக்குப் போய்விட்டாராம். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம ஒறக்கம் வரல்ல."

"சொல்லுங்க."

"ஆறு மணி தாண்டி பனி வெலகிச்சு. ஒன்னைப் பாத்தேன். படியில இருந்த. ஒனக்குப் பொறத்தால இன்னொரு ஆளு. தலையில பானை. கழட்டவே இல்ல. ஒன் தோளப் பிடிச்சிட்டு இருந்தான்."

நான் வாசல்படியில் இறங்கி அவர் பக்கத்தில் வந்தேன்.

"கீழ தாமரைக்குள்ள ஒரு கை மேல வந்துது. ஒரு மட்டம் தண்ணிய அடிச்சிது, பொறவு இன்னொரு மட்டம். மனுஷன் கைதான். எனக்கு நல்லா தெரிஞ்சுது."

"அண்ணாச்சி... பின்ன ஏன் நீங்க சத்தம் போடல்ல?"

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. நடுங்கினார்.

"கூப்பிட்டேன் மக்கா. மூணு மட்டம் கூப்பிட்டேன். ஒனக்குக் கேக்கல்ல. அவன்தான் திரும்பினான். என்னையப் பாத்து, பேசாதேன்னு வெரல பானை மேல, வாய் இருக்க எடத்துல வச்சுக் காட்டினான்."