மாமாவின் காருக்கு நான் பிரேக் மிதித்தது

மாமா வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே சீட். ஏற்றுமதிக்காரர் ஒருவர் ஓட்டி அலுத்த வண்டி. சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்த மாமா, அதை ஒர்க்‌ஷாப்பில் விட மனம் வராமல், கம்பெனிக்கு லீவு விடும் ஞாயிறுகளில் தானே பழுது பார்ப்பார்.

அன்று பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. மாமா நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தார். பிரேக் பேடு தேயவில்லை, எங்கும் கசிவில்லை. பிரேக் ஆயில்தான் கடுங்காப்பி போலக் கறுத்திருந்தது. பழைய ஆயிலையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒன்பது வயதில் நான் டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன். நான் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, அவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன நிப்பிளை, ஆயில் வெளியேறும் மூக்கை, ஸ்பானரால் திறந்து மூடுவார். அவர் சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

மூன்று சக்கரங்கள் ஒழுங்காக முடிந்தன. நான்காவதில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. சொல்லுமுன்பே காலை எடுத்துவிட்டேன். அதன் பிறகும் இரண்டு தடவை.

"காலை எடுத்துட்டயா கண்ணு?" கீழேயிருந்து மாமா கேட்டார்.

"இல்லீங்க மாமா."

அவர் நிப்பிளை முறுக்கிவிட்டு, சக்கரங்களை மாட்டினார். என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து வண்டியைக் கிளப்பினார். வீட்டு வாசல், கேட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். அத்தை எங்களுக்கு முதுகு காட்டி நின்று கேட்டின் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட வாயெடுத்து, மூடிக்கொண்டேன். வண்டி உருண்டது. மாமா பிரேக்கை மிதித்தார். அது தரை வரை போனது. மறுபடி மிதித்தார். பிறகு ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அத்தையின் புதுச் சேலைக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

அத்தை திரும்பிப் பார்த்து, அப்படியே கேட்டில் சாய்ந்துவிட்டார். மாமாவால் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. என்னவாயிற்று என்று அத்தை கேட்டதற்கு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நாந்தான் சரியா முறுக்காம உட்டுட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் தப்பு என்னுடையது இல்லை.

முகம் கழுவிவிட்டு, மாமா முதல் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்கினார். தான் மிதிப்பதாக அத்தை முன்வந்தார்.

"வேண்டாம், பாப்பாவே மிதிக்கட்டும்."

இம்முறையும் கால் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொல்லும்வரை அழுத்திப் பிடித்திருந்தேன். அத்தையின் புதுச் சேலையில் கறை படுமென்றுதான் மாமா என்னை உட்கார வைத்தார் என வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.