யார் என்று கேட்காத மத்தியானம்

“…அதனால யாருன்னு கேட்கலை, எங்கேன்னுதான் கேட்கறேன்,” என்று சொல்லிவிட்டு, எங்கள் தையல் வரிசையை மேற்பார்க்கிற லைன் அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அடுகோடிப் பக்கத்து அந்தக் கார்மெண்ட்ஸ் கட்டடத்தில், வேலை நேரத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். 

வெளிநாட்டுக்குப் போகிற குழந்தை கவுன்கள் தைத்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் தைத்து மிஞ்சியிருந்த ஒரு கவுனைக் காலையில் இரும்புத் துண்டைக் கண்டுபிடிக்கிற சோதனை மெஷினில் விட்டபோது மெஷின் கத்தியது. பிரித்துப் பார்த்தால், கை மடிப்புக்குள் உடைந்த ஊசியின் முனை. நடுத்துண்டைக் காணோம். முந்தின நாள் சோதனை மெஷின் ரிப்பேர் ஆகியிருந்ததால், அன்று தைத்த மற்ற கவுன்கள் எல்லாம் சோதிக்காமலே பெட்டிக்குள் போய்விட்டன. சாயங்காலம் லாரி, எல்லாப் பெட்டிகளையும் பிரிக்க நேரமில்லை. எந்த மெஷினில், எந்த நேரத்தில் ஊசி உடைந்தது என்று தெரிந்தால் அந்தப் பெட்டிகளை மட்டும் பிரிக்கலாம், தெரியாவிட்டால் அப்படியே ஏற்றிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கோ ஒரு ஊரில் ஒரு தாய் அந்தக் கவுனைத் தன் பிள்ளைக்கு மாட்டிவிடுவாள். எனக்கு அப்போது கைக்குழந்தை. அன்றைக்கு டிபன் டப்பாவைத் திறக்கவே முடியவில்லை.

ஊசி உடைவது தையலில் பெரிய விஷயமே இல்லை. உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் லைன் அக்காவிடம் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும், அதுதான் சட்டம். ஆனால் அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்கிற நேரம் இருக்கிறதே! “கண்ணை வீட்ல கழட்டி வெச்சிட்டு வந்தீங்களா?” என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்பார். லிங்கராஜபுரத்திலிருந்து வரும் ஆன்ட்டி ஒருவர், எங்கள் லைனுக்கே சிரிப்பு மூட்டுகிறவர், “ஊசி உடைஞ்சா கெடக்குது, நம்ம மூஞ்சியில்ல உடையுது,” என்பார். நாங்கள் குனிந்துகொண்டு சிரிப்போம். லைன் அக்கா கெட்டவர் இல்லை. எங்களைப் போல மெஷினில் உட்கார்ந்து, எங்களைவிட நன்றாகத் தைத்து மேலே வந்தவர். தன்னைத் திட்டி வேலை வாங்கினார்கள், வேலை வாங்குவது என்றால் அதுதான் என்று நம்பினார். அவ்வளவுதான்.

அன்று காலை முழுக்க “யாரு? யாரு பண்ணினது?” என்று மெஷின் மெஷினாக வந்தார். கேட்கக் கேட்க நாங்கள் இன்னும் குனிந்தோம். அத்திபெலேயிலிருந்து வரும் பெண்ணிடம் வந்தபோதுதான் அவள் தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு சேர்த்துக் குத்தியிருந்த மெஷின் ஊசிகளைக் கவனித்தார். கம்பெனி ஊசி இல்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டார். கடையில் வாங்கினேன் என்றாள். சும்மா தருகிற ஊசியை எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறாய் என்று கேட்டார்.

பக்கத்து மெஷின்காரி “சும்னே இருடி, பேசாதே” என்று முழங்கையால் இடித்தாள். ஆனாலும் சொல்லிவிட்டாள். “உங்ககிட்ட வந்து நிக்கறதுக்கு இது மேல்னுதான்க்கா. நான் மட்டும் இல்ல, எல்லாருமே வெச்சிருக்கோம்.”

லைன் அக்கா எங்கள் கழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அப்படியே வெளியே போய்விட்டார். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முன் முடியெல்லாம் ஈரம். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஊசி எங்கே உடைந்தது என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இன்று நானே ஒரு லைனைப் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது வம்பு பேசி என் காதைக் கிழிக்கிற பெண்களைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை. ஒரு வாரமாக யாரும் எந்தத் தப்பையும் என்னிடம் கொண்டுவரவில்லை என்றால்தான் பயம். எல்லாம் சரியாக நடக்கிறதா, இல்லை என் மூஞ்சியைப் பார்த்து மறைக்கிறார்களா? யாராவது என் மேசைப் பக்கம் நடந்து வந்தால், அவள் வாயைத் திறப்பதற்குள் என் முகம் எப்படி இருக்கிறது என்ற கவலை வந்துவிடுகிறது. உள்ளே கோபம் வராமல் இல்லை. வருகிறது. அதை எங்கே வைப்பது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அன்றைக்கு லைன் அக்கா ‘எங்கே’ என்று கேட்ட பிறகும் நாங்கள் மெஷினைப் பார்த்துக் குனிந்தே இருந்தோம். பின்னால் மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் லாரியைப் பின்னுக்கு எடுக்கிற ஓசை கேட்டது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது, கவுனுக்குக் கை தைக்கிற மெஷின் ஒன்றிலிருந்து குரல் வந்தது. லிங்கராஜபுரத்து ஆன்ட்டி. சிரிப்பு மூட்டுகிற அந்தக் குரல் நூலாகத் தேய்ந்திருந்தது.

“இங்கதான்மா. நேத்து சாயங்கால டீ முடிஞ்சு வந்ததும். முனையும் நடுத்துண்டும் கெடைக்கல. தேடினேன்.”

எங்கள் எல்லோருடைய தோள்களும் தானாகச் சுருங்கின. லைன் அக்காவின் வாய் திறந்தது. அந்த வாய் எப்படித் திறக்கும் என்று எங்களுக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டார். மேனேஜர் பக்கம் திரும்பி, நேற்று டீக்குப் பிறகு கட்டிய பெட்டிகளை லாரியில் ஏற்ற வேண்டாம், கீழே இறக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள் என்றார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் தொங்கிய காந்தத்தை எடுத்து, ஆன்ட்டியின் மெஷினுக்கு அடியில் மண்டியிட்டு, “காலைக் கொஞ்சம் தூக்குங்க ஆன்ட்டி,” என்று சொல்லியபடி தரையைத் தடவ ஆரம்பித்தார்.