வேட்டி அகல வெயில்

நேற்று மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, விட்டமின் டி சொட்டு மருந்து கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "மதுரையில இல்லாத வெயிலாம்மா? இதையும் காசு குடுத்து வாங்குறீகளே!" அவள் மருந்தை வாங்கிக்கொண்டு போனாள். மூடி திறக்காமலே அந்த மருந்தின் வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது.

நான் உசிலம்பட்டிப் பக்கம் கடலைக்காட்டில் வெயிலைத் திட்டியே வளர்ந்தவள். கல்யாணமாகிக் கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்கு வந்தபோது, நிழலான வீடு கிடைத்ததென்று சந்தோஷப்பட்டேன். என் அறிவு அம்புட்டுத்தான். அங்கே பகலிலும் ட்யூப்லைட் எரியும். ஒரே ஜன்னலைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் ஒரு குடோன் சுவர். கணவர் வேலையாக ஊர் ஊராகச் சுற்றுவார். "மாசமா இருக்கவளுக்கு வாசல்ல என்ன வேலை?" என்பார் அத்தை, என் மாமியார். மகள் பிறந்ததும், "வெளிய தூக்கிட்டுப் போகாத, புள்ள கறுத்துப்போகும்." எனக்குப் போட்ட பூட்டு அவளுக்கும் விழுந்தது.

அவளுக்கு முன்பற்கள் முளைக்கும்போதே பழுப்பாக இருந்தன. பிறகு ஓரம் ஓரமாக உதிர்ந்தன. முறுக்கைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்வாள். பல் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். விட்டமின் டி ரொம்பக் குறைவு; சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்.

"பால்பாட்டிலோட தூங்கவைக்கிறது ஒரு காரணம். ஆனா வயித்துல இருக்கும்போதே பல்லு உருவாக ஆரம்பிச்சிரும். அப்ப உங்களுக்கே சத்துப் பத்தாம இருந்திருக்கலாம். வெயில் பக்கம் போவீங்களா?"

எனக்கு ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் மொட்டைமாடிச் சாவி கேட்டேன். "குடியிருக்கவுகளுக்கு மாடி கிடையாதும்மா." எங்கள் சந்தில் உச்சிப்பொழுதில் மட்டும் ஒரு வேட்டி அகலத்துக்கு வெயில் விழும். மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு போய் அதில் நின்றேன். அவள் கண்ணை இறுக்கி மூடி என் சேலைக்குள் முகம் புதைத்தாள்.

"அம்மா, வெயிலு கடிக்குது."

முன்னால் ஒரு பைக், பின்னால் ஒரு தள்ளுவண்டி. "யக்கா, நடுவுல நின்னா எப்படி?" வாசலிலிருந்து அத்தையின் குரல்: "உள்ள வாடி, நாலு பேரு பாக்குறாக!"

"பாக்கட்டும் அத்தை. நான் வரலை."

அதன்பிறகு தினமும் போய் நின்றேன்.

மருந்தும் வெயிலும் அரித்த பல்லைத் திருப்பித் தராது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். பின்பற்களை அடைத்துக் காப்பாற்றினார்கள். முன்பற்களைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வாயில் பஞ்சோடு தூங்கிய பேத்தியை அத்தை மடியில் போட்டுக்கொண்டார். ஆட்டோ சந்துக்குள் திரும்பியதும் மெதுவாகக் கேட்டார்: "மாடிச் சாவிய நான் கேட்டுப் பாக்கவா?"

அத்தை இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்து லாட்ஜ் எழுப்பிவிட்டார்கள்; சந்துக்கு அந்தக் கொஞ்ச வெயிலும் போயிற்று. மகளுக்குப் புதுப்பற்கள் திடமாகவே முளைத்தன. வேலைக்குப் போகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஆனால் பல் பிடுங்கியதற்கும் முளைத்ததற்கும் நடுவில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். அந்த வயதில் அவள் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.