சீமை நாற்காலி

சொக்கலிங்கம் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தது ஐம்பத்திரண்டில். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். பொதுப்பணித் துறையில் தச்சு வேலை. அதிகம் பேசாதவர். ஒரு வேலை பிடித்திருந்தால் மரத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

எழுபத்துநாலில் மேட்டு பங்களாவை மியூசியம் ஆக்கினார்கள். விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்காகக் கட்டிய மாடி வீடு அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி இந்திராணியுடன் ஜங்லிகாட் குடியிருப்பிலிருந்து நடந்தே போனார். கைதிகளின் கால்விலங்கு, துரைமார் சாப்பிட்ட பீங்கான் தட்டு என்று பார்த்துக்கொண்டே வந்தவர் சாப்பாட்டு அறையில் நின்றுவிட்டார். கயிறு கட்டி, நடுவில் ஒரு நாற்காலியை வைத்திருந்தார்கள். 1880, இங்கிலாந்து என்று அட்டை சொன்னது. காவலாள் கந்தனும், "விலாயத்லேர்ந்து வந்த மால், சீமைச் சரக்கு," என்றான்.

அது சொக்கலிங்கம் செய்த நாற்காலி. ஐம்பத்துமூன்றில் அந்த வீடு அரசாங்க குவார்ட்டர்ஸாக இருந்தது. யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்த பஞ்ச காலத்தில் பழைய நாற்காலிகள் அடுப்புக்குப் போய், காலொடிந்த ஒன்றுதான் மிச்சம். அதை மாதிரியாக வைத்து இவர் படாக் மரத்தில் புதிதாக ஆறு செய்தார். திருகாணி கொண்டுவர வேண்டிய கப்பல் வரவில்லை. ஃபீனிக்ஸ் பே துறையில் படகு கட்டுகிறவர்களிடம் செப்பு ஆணி வாங்கி அடித்தார்.

இந்திராணியிடம் மெதுவாகச் சொன்னார். "சீமைச் சாமான்னு நம்புற அளவுக்குச் செஞ்சிருக்கீங்க. அதுவே போதும், வாங்க," என்றாள் அவள். சரியென்று கேட் வரைக்கும் வந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி உள்ளே போனார்.

பொறுப்பாளர் கிருஷ்ணமூர்த்தி கும்பகோணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கும்படி சொக்கலிங்கம் கேட்டுக்கொண்டார். இருக்கைக்கு அடியில் பச்சை பூத்த எட்டு ஆணிகள், படகில் அடிப்பதுபோலவே முனை மடக்கி இருந்தன. கிருஷ்ணமூர்த்தியின் சிரிப்பு நின்றது.

"அப்போ இதை எடுத்துட வேண்டியதுதான் மேஸ்திரி."

"எடுக்க வேண்டாம் சார். இன்னார் செஞ்சது, இன்ன வருஷம்னு எழுதி வைங்க."

"உயிரோட இருக்கறவர் செஞ்ச நாற்காலிய பாக்க யார் வருவா?"

சொக்கலிங்கம் நாற்காலியை நிமிர்த்திப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த வாரமே நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது. கந்தன் அதில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று இந்திராணி ஒரு மாதம் சொல்லிக் காட்டினாள். சொக்கலிங்கத்துக்கும் வருத்தம்தான். ஆனாலும், சொன்னது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை.

மழைக்கு முன்னால் மாடி ஜன்னல்களைச் சரிபார்க்க வேண்டுமென்று கிருஷ்ணமூர்த்தி ஆள் அனுப்பினார். இந்த மேஸ்திரிதான் வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார். மூன்று ஞாயிறு வேலை இருந்தது. கடைசி நாள், நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது என்றான் கந்தன். சொக்கலிங்கம் அதைத் தரையில் சாய்த்து, நீண்டிருந்த காலைக் கொஞ்சம் இழைத்துக் கொடுத்துவிட்டு, உளிப்பையை எடுத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினார்.