அண்ணியின் நெஞ்சில் வைக்காத கை

சிங்கப்பூரில் என் கைப்பேசியிலுள்ள முதலுதவிச் செயலி சில நேரம் திடீரென்று அலறும். பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் யாருக்கோ இதயம் நின்றுவிட்டது, ஓடு என்று அதற்கு அர்த்தம். போன மாதம் ஒரு ஞாயிறு காலை அப்படித்தான் ஓடினேன். ஆறாவது மாடி வீட்டின் தரையில் ஒரு சீன அம்மா கிடந்தார். மகன் சட்டென்று விலகி இடம் விட்டார். முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணின் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினேன். "யூ டாக்டர் ஆ?" என்றார் மகன். இல்லையென்று தலையாட்டினேன். நம் ஊர் மாதிரி ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. "தேங்க்யூ, டாக்டர்" என்று குனிந்து வணங்கினார்.

கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன் நான். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகிச் சான்றிதழ் வாங்கியவன். அதை வாங்கிய பிறகுதான், மூன்று வருடம் முன்பு, விடுப்பில் சொந்த ஊரான மண்டபத்தூர் போனேன். வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அண்ணி அப்படியே சாய்ந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "படிக்கிற புள்ளைய கடலுக்கு இழுக்காதீங்க" என்று அண்ணனிடம் சண்டை போட்டவர் அவர்தான். அண்ணிக்கு மூச்சு விட்டு விட்டு இழுத்தது. "வலிப்புடி, சாவியக் கொண்டா!" என்று தெருவே ஓடிவந்தது. அது வலிப்பில்லை, இதயம் நின்றுபோனது என்று எனக்குத் தெரியும். மண்டியிட்டுக் கையைக் கொண்டுபோனேன்.

"டேய், அண்ணி நெஞ்சுல கை வைக்கிறியே! சிங்கப்பூர் போயி வெக்கமும் போச்சா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையால் இரும்புச் சாவியை வாங்கி, அண்ணியின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இப்படி விழுபவர்களில் பிழைப்பவர்கள் மிகச் சிலர்தான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அழுத்தியிருந்தாலும் போயிருப்பார் என்று, அந்த வரிக்குப் பின்னால்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்தேன். ஆனால் அந்தச் சிலர் ஏன் சிலராகவே இருக்கிறார்கள்? தெரிந்தும் கையை எடுத்த என்னைப் போன்றவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். ஊரிலிருந்து படிக்கும் உங்களிடம் இதைச் சொல்லவே கூசுகிறது.

சீன அம்மா பிழைத்துவிட்டார். செய்தி கேட்டு அண்ணன் போனில் பூரித்துப்போனார். "ஒங்க அண்ணி இருந்திருந்தா, இத சொல்லிச் சொல்லியே மீன் வித்திருப்பாடா."

"அண்ணே, அன்னிக்கே எனக்கு இது தெரியும்ணே. கை வைக்கப் போயி எடுத்துட்டேன்."

அண்ணன் போனை வைக்கவில்லை. காதுக்குள் மண்டபத்தூர்க் கரையின் மீன் ஏலம். கண்ணெதிரே என் தளத்தின் கிரேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டு வாசலில் நிற்பவனைப் போல, வேற்று நாட்டு வெயிலில் நின்றேன்.